காசிலிங்கம் அண்ணாச்சியின் கண்ணாடி பீரோ

எழுபதுகளில் தூத்துக்குடியில் குடிக்கிறவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். நானும் அதில் ஒருவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் ஊரிலேயே நல்ல விஸ்கி யாரிடம் இருந்தது என்று கேட்டால், வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத ஒரு மனிதரிடம் இருந்தது. அவர் பெயர் காசிலிங்கம். இந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனி. கப்பல்களுக்குக் காய்கறி, கறி, முட்டை, அரிசி, குடிதண்ணீர் கொடுக்கிற கம்பெனி. நான் ஆபீசில் பில் போடுகிறவன். அண்ணாச்சி லாஞ்சில் ஏறிப் போய், கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலில் சரக்கைக் கொண்டு சேர்க்கிறவர். புதுத் துறைமுகம் அப்போது திறக்கவில்லை. காற்று எழும்பினால் லாஞ்சு போகாது, லாஞ்சு போகாவிட்டால் முட்டைக்கோஸ் அழுகும். அழுகின முட்டைக்கோஸுக்கு கேப்டன்கள் திட்டுவது கம்பெனியை அல்ல, அண்ணாச்சியை. கிரேக்க மொழியில் திட்டுவார்கள், ஜப்பான் மொழியில் திட்டுவார்கள். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் "யெஸ் சார்" என்பார்.

எழுபத்தொன்றில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். அந்த வருஷக் கடைசியில் ஒரு ஸ்காட்லாந்து கேப்டன் அண்ணாச்சியை வயிறாரத் திட்டிவிட்டு, பிறகு மனசு கேட்காமல் ஒரு விஸ்கி பாட்டிலைக் கையில் கொடுத்தார். அண்ணாச்சி அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், லேபிளைப் படித்தார். பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் கிடந்தது என்று போட்டிருந்தது.

"இவ்வளவு வருசத்துல கெட்டுப் போவலியா சார்?" என்று தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்.

மூடியைத் திறக்காதவரை நூறு வருஷமானாலும் கெடாது என்று கேப்டன் சொன்னார். அவ்வளவுதான், அண்ணாச்சி விழுந்துவிட்டார். வெண்டைக்காயும் தக்காளியும் கண்ணெதிரே அழுகுவதைப் பார்த்தே தலை நரைத்த மனிதருக்கு, அழுகாத சரக்கு ஒன்று உலகத்தில் இருப்பது தெரிந்தால் வேறு என்ன ஆகும்?

அன்றிலிருந்து சேர்க்க ஆரம்பித்தார். சில கேப்டன்கள் கொடுத்தார்கள், சிலரிடம் விலைக்கு வாங்கினார். ஒவ்வொரு பாட்டிலையும் சுங்கத்தில் காட்டி வரி கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். சுங்கக்காரர்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அவர் வருவதைக் கண்டாலே வேறு அறைக்குப் போனார்கள். ஒளிக்காமல் வருகிறவனை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்!

பாட்டில்கள் பட்டாசலில், வீட்டின் முன்கூடத்தில், ஒரு கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. மேல்தட்டில் திருச்செந்தூர் முருகன், கீழே மூன்று தட்டுகளிலும் ஸ்காட்லாந்து. சாயங்கால வெயில் உள்ளே வரும்போது பீரோ முழுக்கத் தேன் நிறமாக மின்னும். நான் எதிரே உட்கார்ந்து எச்சில் விழுங்குவேன்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. என்ன ருசின்னு உமக்கே தெரிய வேண்டாமா?"

"ஏலே வெள்ளத்துர, தெறந்துட்டா அது மறுபடி முட்டைக்கோசுலே."

இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேசுவது?

அண்ணாச்சியின் சம்சாரம் பகவதி மதினி இதையெல்லாம் எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று ஊரில் கேட்பார்கள். பொறுத்துக்கொள்ளவில்லை, கொண்டாடினார். மதினியின் அப்பா உடன்குடிப் பக்கத்தில் பேர்போன குடிகாரர். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கடைத்தெருவில் விழுந்து கிடக்கிற அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வருவது மகளின் வேலை. மாப்பிள்ளை பார்க்கும்போது மதினி கேட்டது ஒன்றே ஒன்று, குடிக்கக் கூடாது. அதனால் அந்த பீரோ அவருக்கு அலங்காரம் அல்ல, சாட்சி. வீட்டுக்கு யார் வந்தாலும் அதன் முன்னால் நிறுத்திவிடுவார்.

"பாத்தியளா? குதிர படம் போட்டது, மான் படம் போட்டது, கோட்டுக்காரர் படம் போட்டது. அம்புட்டும் வீட்டுலதான் இருக்கு. இவுக ஒண்ணுலகூட மூடியத் தொட்டதில்ல."

தெருப் பெண்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார்கள். கையில் கிடைக்காததால் குடிக்காதவன் எல்லா ஊரிலும் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் நாற்பது பாட்டிலை வைத்துக்கொண்டு குடிக்காதவன் அந்தத் தெருவில் மட்டும்தான் இருந்தான். மதினிக்கு நகை அதிகம் கிடையாது. இருந்த ஒரே நகை அந்தப் பேச்சுதான்.

எழுபத்துநாலில் மதுவிலக்கு முழுசாகத் திரும்பி வந்தது. கடைகளை மூடினார்கள். வீட்டில் பாட்டில் வைத்திருக்க வேண்டுமானால் பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட் வேண்டுமானால், இந்த ஆள் குடிக்கு அடிமை, திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். நான் குடிக்காதவன், சும்மா பார்ப்பதற்காக வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவனுக்கு சர்க்காரிடம் பெர்மிட் கிடையாது.

அண்ணாச்சியும் நானும் சேர்ந்தே போனோம். டாக்டர் சுந்தர்சிங் நாசரேத்துக்காரர், நல்ல மனிதர், குடியை அடியோடு வெறுப்பவர். முதலில் என்னைக் கூப்பிட்டார். நான் தைரியத்துக்காக வீட்டிலேயே இரண்டு ரவுண்டு போட்டு, மேலே வெற்றிலை போட்டுக்கொண்டு போயிருந்தேன். கையை நீட்டச் சொன்னார். கை கல்லைப் போல் நின்றது. நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"உமக்கு ஒரு கேடும் இல்லை. எருமை மாதிரி இருக்கிறீர். போம்" என்றார்.

அடுத்தது அண்ணாச்சி. அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் கிடையாது. உள்ளே நுழையும்போதே உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. காலையிலிருந்து லாஞ்சில் உப்புக்காற்று பட்டுக் கண் இரண்டும் செக்கச் சிவந்து கிடந்தது. எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர் என்று டாக்டர் கேட்டதும் நாக்கு குழறிற்று. கையை நீட்டச் சொன்னால் தோள்வரைக்கும் ஆடிற்று.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். முப்பது வருஷத் தொழிலில் இவ்வளவு முற்றிய கேஸைத் தாம் கண்டதில்லை என்றார். கேட்டதற்கு மேலேயே எழுதிக் கொடுத்தார். ஆண்டவர் உமக்கு விடுதலை தருவார் என்று ஜெபமும் பண்ணினார். மூன்று பேர் குடிப்பதை ஒருவனாகக் குடித்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் திண்டாடியதை இங்கே சொல்லப் போவதில்லை, சொன்னால் யாரும் இரங்கவும் மாட்டீர்கள்.

அண்ணாச்சியைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது. பாட்டில்கள் பத்திரம், காகிதம் வெறும் காகிதம். ஆனால் டாக்டர் நல்லவர் என்று சொன்னேன் அல்லவா, நல்லவர்களிடம் இதுதான் வம்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். மதினியை உட்காரவைத்து, "அம்மா, நீங்க அனுபவிக்கிற பாடு எனக்குத் தெரியும். பொறுமையா இருங்க" என்றார். அவர் பேச்சு வாசல் வரைக்கும் கேட்கும், வாசலில் தெருவே நின்றது.

மதினி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பாட்டிலும் போகும், பொய் சொன்னதற்குப் புருஷனும் மாட்டுவார். சும்மா தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அந்த பீரோ பேச்சை மாற்றிக்கொண்டது. யார் குடிக்காததற்குச் சாட்சியாக இருந்ததோ அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது. "அம்மாடி, இம்புட்டும் ஒரு ஆளு குடிக்கிறதா?" என்று பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். முன்பு பெருமூச்சு விட்டவர்கள் இப்போது மதினிக்கு மீன்குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருத்தி, "ஒங்கப்பனுக்கு வாக்கப்பட்ட ஒங்க ஆத்தா மாதிரியே ஆயிட்டியே ஏளா" என்று சொல்லி அழுதேவிட்டாள். மதினி குழம்பை வாங்கி வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை.

இதை அண்ணாச்சி கவனிக்கவே இல்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பாட்டிலில் ஒரு கீறல் விழுந்தால் ஒரு வாரம் தூங்காத மனிதர், பெண்டாட்டி பேச்சை நிறுத்தி மாதக்கணக்காகியும் பருப்பில் உப்பு குறைகிறது என்று மட்டும்தான் கண்டுபிடித்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அங்கே இருந்தேன். அண்ணாச்சி புதிதாக வந்த பாட்டில் ஒன்றை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

"நீங்க குடிச்சிருங்க" என்றார்.

"என்னளா சொல்லுத?"

"குடிச்சிருங்க. குடிச்சா, எங்கம்மா மாதிரி நானும் தெருவுல நின்னு ஒங்கள வைவேன், மனசு ஆறும். ஒண்ணுமே குடிக்காதவர எப்படி வைய? ஊருக்குள்ள நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். அதயும் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியளே."

அண்ணாச்சி கையில் பாட்டிலோடு அப்படியே நின்றார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று முகத்தில் தெரிந்தது. பீரோவைத் திறந்தார். இரண்டிரண்டாக எடுத்துப் புறவாசலுக்குக் கொண்டுபோனார். வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து முதல் மூடியைத் திருகினார். அது சுலபத்தில் திறக்கவில்லை. பல்லால் கடித்துத் திறந்தார்.

மதினி, "கொண்டாங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து இன்னொன்றை எடுத்தார். இருவருமாக ஊற்றினார்கள். நான் தடுக்கப் போனேன், குறைந்தபட்சம் அந்த மான் போட்டதையாவது என்று கெஞ்சினேன். "பெர்மிட் இல்லாத ஆளுக்குக் குடுக்கப்படாதுலே" என்றார் அண்ணாச்சி. வாய்க்காலில் ஸ்காட்லாந்து ஓடிற்று. என் வாழ்க்கையில் நான் கண்ணீர் விட்ட சந்தர்ப்பங்கள் சிலவே, அதில் அது ஒன்று.

அண்ணாச்சி பெர்மிட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, குணமாகிவிட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். டாக்டர் ஆனந்தத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த மாதம் நடந்த மதுவிலக்குக் கூட்டத்தில் மேடை ஏற்றி, இருபது வருஷ அடிமைத்தனம் என்று அறிமுகப்படுத்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்.

அண்ணாச்சி மைக்கைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார்.

"நான் குடிச்சதே இல்ல" என்றார்.

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. "கேட்டீர்களா? பழைய மனுஷன் செத்துப்போனான்!" என்று டாக்டர் முழங்கினார்.

பெண்கள் பக்கத்தில் மதினி எழுந்து நின்றார். "எங்கப்பா குடிகாரரு. குடிகாரன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும். இவுக அப்படி இல்ல, ஒரு நாளும் இல்ல" என்றார். குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைக்கும் என்று எல்லாரும் உருகிப் போனார்கள். ஒருவரும் நம்பவில்லை. மேடையில் அண்ணாச்சி அழுதார். அதைப் பார்த்து மிச்சமிருந்த சந்தேகமும் ஊருக்குத் தீர்ந்தது.

மதினி விடவில்லை. அதற்குப் பிறகும் கடையில், குழாயடியில், கோயிலில், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொன்னார், இவுக குடிச்சதே இல்ல. நம்ப வைத்தே தீருவது என்று நின்றார்.

அடுத்த ஆனிமாதம் ஒரு நாள் நான் பட்டாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற இசக்கித்தாய் என்ற பெண் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. இடது கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே ரத்தம் கட்டியிருந்தது. கள்ளச்சாராயம் அந்த வருஷம் உப்பளத்துப் பக்கம் ஆறாக ஓடிற்று. அவள் உட்காரவில்லை.

"அக்கா, அண்ணாச்சிய எப்படித் திருத்துனீய? எனக்கும் சொல்லித் தாங்கக்கா."

மதினி வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தார். அது எனக்கு மனப்பாடம். இவுக குடிச்சதே இல்ல. ஆனால் அந்தப் பெண்ணின் கன்னத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். குடித்ததே இல்லை என்று சொன்னால், இந்த உலகத்தில் திருந்திய குடிகாரன் என்று ஒருவனும் இல்லை என்றாகும். அவள் வந்த வழியே அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

"இங்கன உக்காரு" என்றார். "பொறுமையா இருன்னு எனக்கும் சொன்னாக. நீ அப்படி இருக்காத. நான் பொறுமையா இருந்தப்ப ஒண்ணும் நடக்கல. ஒரு நாளு நேருக்கு நேரா நின்னு கேட்டேன். வீட்டுல இருந்தத பூராவும் பொறவாசல்ல கொட்டுனோம். அன்னைக்கோட விட்டுட்டாக."

"நெசமாவாக்கா? ரொம்பக் குடிப்பாகளோ?"

மதினிக்கு அதற்கு மேல் வரவில்லை. உள்ளே சட்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி வெளியே வந்து நின்றார்.

"ஆமா தாயி" என்றார். "எங்க மாமனாரவிட மோசமான குடிகாரன் நான். இவதான் என்னத் திருத்துனா. ஒம் புருசன நாளைக்கு எங்கிட்டக் கூட்டிட்டு வா."

மதினி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணுக்குக் காப்பி போட அடுப்படிக்குப் போனார்.