ஏழு நாளில் ஒரு மணி நேரம்

வேலை போனதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. கேட்டவர்கள்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பம்பு கம்பெனியில் நான் இருந்த தர ஆய்வுப் பிரிவையே மூடிவிட்டு, கணக்கை முடித்து, கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள். "அவரு கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுக்கறாருங்க" என்று என் மனைவி தன் அம்மா வீட்டில் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர், "ஊட்ல இருந்தே வேலைங்களா? கொடுத்து வெச்சவருங்க" என்று பெருமூச்சு விட்டார். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கும் அப்பா, ஒரு கல்யாணப் பந்தியில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொந்தக்காரர்களிடம் சொன்னார்: "பையன் இப்பத் தோட்டத்தப் பாத்துக்கறானுங்க."

நான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். மோட்டார் ரூமில் செல்போன் சிம் போட்ட ஒரு பெட்டி உண்டு. "எனக்கு மறந்து மறந்து போயிருது, இனிமே நீயே போட்டுரு கண்ணு" என்று அப்பா அந்தப் பெட்டியில் என் நம்பரை ஏற்றச் சொல்லிவிட்டார். தோட்டத்தில் மும்முனைக் கரண்ட் வந்ததும் அந்தப் பெட்டி கூப்பிட்டு, கோயமுத்தூர் வீட்டில் என் போன் அடிக்கும். திருப்பிக் கூப்பிட்டு ஒன்றை அமுக்கினால், மோட்டார் ஓடுகிறது என்று ஒரு பெண்குரல் சொல்லும். கொஞ்ச நேரத்தில் அப்பா கூப்பிடுவார். "தண்ணி வந்துருச்சு கண்ணு. நீ இருக்கறதுனால எனக்கு நிம்மதி." அதற்குப் பிறகு நாள் முழுக்க எனக்கென்று ஒன்றும் இருக்காது.

வருத்தமாக இருந்ததா என்றால், ஆரம்பத்தில் இருந்தது. அப்புறம் பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் இருப்பது தெரியும், அவ்வளவுதான். வேலைக்கு எழுதிப் போடுவதையும் எப்போதோ நிறுத்தியிருந்தேன். எந்த நாளில் நிறுத்தினேன் என்பதுகூட நினைவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அரசாங்கக் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தாள். கையில் டேப்லெட், முகத்தில் வெயில். எங்கள் வீடு குலுக்கலில் வந்திருக்கிறது, மாதம் ஒருமுறையாகச் சில தடவை வருவேன் என்றாள். யார் யாருக்கு வேலை இருக்கிறது, இல்லை என்று நாட்டுக்கே கணக்கு எடுக்கிறார்களாம். வெகுநாள் கழித்து எனக்கு ஒன்றின்மேல் ஆசை வந்தது. இவனுக்கு வேலை இல்லை என்று யாராவது ஒருவர், எங்காவது ஓரிடத்தில், உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்ள வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கடைசி ஏழு நாள்ல, எதாவது ஒரு நாளு, ஒரு மணி நேரமாச்சும் வேலை செஞ்சீங்களா சார்?"

"இல்லீங்க."

பள்ளிக்கூட விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினாள். "ஏனுங்க, தோட்டத்துக்கு மோட்டார் போடறீங்கல்ல?"

"சொந்தத் தோட்டமுங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"இவரு பேர்லதானுங்க இருக்குது."

"அதுக்கு ஒண்ணும் சம்பளம் இல்லீங்க" என்றேன்.

"சம்பளம் வேண்டியதில்லீங்க சார். சொந்த விவசாயம் பாத்தாலும் வேலைதானுங்க. மோட்டார் போடறது, தோட்டத்தப் பத்திப் பேசறது எல்லாம் சேத்தா ஒரு மணி நேரம் வருமுங்களா?"

"தாராளமா வருமுங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். சொந்த விவசாயம், வேலையில் இருப்பவர். டேப்லெட்டில் விரல் பட்டது, நான் விவசாயி ஆனேன். மனைவியின் முகம் தெளிந்துவிட்டது. அவளைக் கோபித்துக்கொள்ளவும் எனக்குத் தெம்பு இல்லை.

"அப்ப யாரைத்தான் வேலை இல்லாதவன்னு எழுதுவீங்க?"

"ஒரு மணி நேரங்கூட வேலை செஞ்சிருக்கக் கூடாதுங்க. ஆனா வேலை தேடியிருக்கோணும். கெடைச்சாப் போறதுக்கும் தயாரா இருக்கோணும்."

"தேடவே இல்லைன்னா?"

"அப்ப அந்தக் கணக்குலயே வர மாட்டீங்க சார். வேலை இருக்கறவங்கள்லயும் சேராது, இல்லாதவங்கள்லயும் சேராது."

வேலை இல்லாதவன் ஆவதற்கே இத்தனை வேலை இருக்கிறது.

அடுத்த மாதம் அவள் வருவதற்கு முன் நான் தயாரானேன். ஒரு பட்டறைக்கு விண்ணப்பம் அனுப்பினேன். அந்த வாரம் முழுக்க மோட்டாரைத் தொடுவதில்லை என்றும் முடிவு செய்தேன். அப்பா தட்டுத்தடுமாறி மோட்டார் ரூமுக்கு நடப்பாரே என்று உறுத்தியது. ஆனாலும், முதல் நாள் போன் அடித்தபோது எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பா கூப்பிட்டார்.

"தண்ணி வந்துருச்சு கண்ணு. நீ இருக்கறதுனால எனக்கு நிம்மதி."

அவரே போய்ப் போட்டுவிட்டு மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளும் நான் போடவில்லை. மறுநாளும் அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன்.

அப்பா தென்னை மரத்தடியில் வாய்க்காலை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நான் மோட்டார் ரூமுக்குள் போய் நின்றேன். பெட்டியின் குமிழ் 'ஆட்டோ' என்ற இடத்தில் இருந்தது. கரண்ட் வந்தால் யாரும் போடாமல் மோட்டார் தானே ஓடும். குமிழின் மேல் சிலந்தி நூல் கட்டியிருந்தது. என் நம்பரை ஏற்றச் சொன்ன காலத்திலேயே அப்பா இதையும் திருப்பி வைத்திருக்க வேண்டும். நான் நிற்கும்போதே கரண்ட் வந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. அது அடித்து முடிப்பதற்குள் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது.

இத்தனை மாதமும் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைத்தான் நான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தோட்டத்துக்கு நான் வேண்டியதில்லை. எனக்குத்தான் ஒரு வேலை வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் எட்டிப் பார்த்தது, அதுவும் நிற்காமல் போய்விட்டது.

வெளியே இருந்து அப்பாவின் சத்தம் கேட்டது. "போட்டுட்டியா கண்ணு?"

"போட்டுட்டனுங்கப்பா."

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். மனைவி பள்ளிக்கூடம் போயிருந்தாள், குறுக்கே பேச ஆள் இல்லை. அந்த ஏழு நாளில் நான் ஒரு நிமிடம்கூட வேலை செய்யவில்லை. வேலை தேடியிருந்தேன். கிடைத்தால் போகவும் தயாராக இருந்தேன். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. அவள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஒரு மணி நேரமாச்சும் வேலை செஞ்சீங்களா சார்?"

"செஞ்சனுங்க. தோட்டத்துக்கு மோட்டார் போட்டேன்."

"தினமுங்களா?"

"தினமுந்தானுங்க. நான் போடலீன்னா எங்கப்பாவுக்குத் தண்ணி வராதுங்க."