பீச்சாங்கைச் சுளுக்கு

அரங்கநாதன் மேல் எப்போதும் தைல வாசனை அடிக்கும். வேலூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு ஆய்வறையில் அவர் உதவியாளர், நான் பக்கத்து அறை டைப்பிஸ்ட். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்த வாசனையிலேயே மத்தியானச் சோறு தின்று என் நாக்கு செத்துப்போனது.

அவருடைய வேலை எலியின் இதயம். டாக்டர் மனோரமா அப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு வாக்கில், எலியின் இதயத்துக்கே ரத்தம் ஊட்டும் குழாய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மனிதனுக்கு அந்தக் குழாய்கள் இதயத்தின் மேலாகவே ஓடுமாம். எலிக்கு அப்படி இல்லை. கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே சதைக்குள் இறங்கி மறைந்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதைத் தெரியவைப்பதுதான் அரங்கநாதனின் பிழைப்பு. செத்த எலியின் மார்பைத் திறந்து, மெல்லிய கண்ணாடிக் குழல் செருகி, சிவப்புச் சாயம் கலந்த ஜெலட்டினை வெதுவெதுப்பாக ஏற்றுவார். பிறகு மொச்சைக்கொட்டை அளவுள்ள அந்த இதயத்தை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, கடைசியில் விண்டர்கிரீன் தைலத்தில் போடுவார். சதை கண்ணாடிபோல் ஆகிவிடும். உள்ளே ஓடும் சிவப்புக் கிளைகள் ஒன்றுவிடாமல் தெரியும். அந்தத் தைலம் வேறெதுவும் இல்லை, சுளுக்குக்குத் தேய்ப்போமே, அதேதான். தெருவில் யாருக்குச் சுளுக்கினாலும் அவர் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். ஆய்வறைத் தைலம் கொஞ்சம் அவர் வீட்டுக்குப் போவதை டாக்டரம்மா கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார்.

அவருக்கென்று இருந்த ஒரே உயிர் தம்பி கோவிந்தராஜ். நெமிலியில் தாயும் தகப்பனும் காலராவில் போனபின், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வந்த மனுஷன் அவர். கல்யாணம்கூடத் தம்பிக்குத்தான் செய்துவைத்தார், தனக்கு மறந்துபோனார். தம்பிக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத்தோலைத் தோளில் தூக்கிப்போகிற வேலை. ஞாயிறு தவறாமல் அண்ணனைப் பார்க்க வருவான். அண்ணன் மேல் தைலம், தம்பி மேல் தோல். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தால் மூக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று நான் கேலி செய்வேன்.

அந்த ஞாயிறும் நான் அரங்கநாதன் வீட்டில்தான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவிந்தராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, பீச்சாங்கை ரொம்ப பேஜார் பண்ணுது. தோள்லேர்ந்து சுண்டு விரல் வரைக்கும் இழுக்குது. நடந்தா ஜாஸ்தியாவுது, குந்துனா கம்மியாவுது."

"ஈரத்தோல் தூக்கறவனுக்கு வேற இன்னாடா வரும்? சுளுக்குதான்."

"ஒங்க டாக்டரம்மாகிட்ட ஒருவாட்டி காட்டலாமாண்ணே?"

அரங்கநாதன் சிரித்தார். "பீச்சாங்கையில வந்தா இன்னா, சோத்தாங்கையில வந்தா இன்னா, சுளுக்கு சுளுக்குதான். இதுக்குப் போய் டாக்டரா? குந்து."

நல்லெண்ணெயில் தைலத்தைக் கலந்து, தம்பியின் கையைத் தன் மடியில் வைத்து நீவிவிட்டார். எவ்வளவு பிரியம் அந்த விரல்களில்! எலி இதயத்தில் ஒரு குழாயையும் கிழிக்காத விரல்கள். கோவிந்தராஜ் கண்ணை மூடிக்கொண்டு, "தேவலண்ணே" என்றான். உட்கார்ந்திருந்ததால் வலி அடங்கியது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? மிச்சத் தைலத்தைப் புட்டியோடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

புதன்கிழமை தொட்டியோரத்தில் தோலோடு சரிந்தான். தூக்கி உட்காரவைப்பதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்றார் ஷாப்புக்கு வருகிற டாக்டர். சாவு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். கோவிந்தராஜின் மனைவி ஜெயம்மாள் அரங்கநாதனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"காலையிலகூட தேய்ச்சுக்கினு போனாரே மாமா! எங்கண்ணன் கைராசின்னாரே!"

அவர் அழவில்லை. குனிந்து தம்பியின் இடது கையை எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். அந்த வாசனை எனக்கே அடித்தது.

காரியம் முடிந்து அவர் வேலைக்கு வந்த அன்று, டாக்டரம்மா அவர் மேஜைக்கே வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கு முன்னாடி நெஞ்சு வலின்னு ஏதாவது சொன்னாரா?"

"நெஞ்சு வலின்னு சொல்லலம்மா. கை வலின்னான்."

"எந்தக் கை?"

அரங்கநாதன் அவர் முகத்தையே பார்த்தார். கேள்வியிலேயே பதில் இருந்தது. நெஞ்சு வலி இடது கையில் இறங்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எலி எங்கே கை வலிக்கிறது என்று சொல்கிறது?

"பீச்சாங்கைம்மா. சுளுக்குன்னு தேய்ச்சுவுட்டேன்."

"எதைத் தேய்ச்சீங்க?"

எலி இதயங்கள் ஊறிக்கொண்டிருந்த ஜாடியை அவர் கை காட்டினார். டாக்டரம்மா அந்த ஜாடியை ஒரு தரம் பார்த்துவிட்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஜெயம்மாளுக்கு யார் சோறு போடுவது என்று கேட்டார். ரிட்டயராகும் வரைக்கும் தினமும் அந்த ஜாடியைத் திறந்தார். திறக்கும்போதெல்லாம் தம்பி கை மணந்திருக்கும். ஒருமுறை இடுக்கியால் ஒரு இதயத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எலி இதயத்துல உள்ள இருக்கறதெல்லாம் வெளிய தெரியற மாதிரி பண்ணேன் சார். எந்தம்பிக்கும் அதே தைலத்ததான் தடவுனேன்."