நர்ஸம்மா வேகவைத்த தெர்மோஸ்டாட்

ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தொன்பது வருடம் கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர் நர்ஸம்மா. தெருவில் எல்லோருக்கும் அவர் நர்ஸம்மாதான். அவருடைய கார் வெளிர்மஞ்சள் நிறம், வயது நாற்பத்தாறு. கல்யாணத்துக்கு முன்பே பழைய வண்டியாக வாங்கி, இன்றுவரை தன் கையாலேயே எண்ணெய் மாற்றி, பிளக் துடைத்து ஓட்டிவருகிறார். "நீ முதல்ல வாக்கப்பட்டது இந்தக் காருக்குத்தான், எனக்கு அப்புறம்தான்" என்பார் அவர் கணவர், பூகோள வாத்தியார்.

அந்தக் கார்தான், மலைமேல் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போது பாதி ஏற்றத்தில் கொதித்து நின்றது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. வாத்தியார் குதித்து இறங்கி, பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்த மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்ஜினையே இறக்கணும்மா. இல்லன்னா வித்துடுங்க."

நர்ஸம்மா தலையை ஆட்டி மறுத்தார். இன்ஜின் கொதித்து நின்ற அந்த நிமிஷத்திலேயே துணி சுற்றிய கையால் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்திருந்தார். அது ஜில்லென்று இருந்தது. இன்ஜினுக்கு நூற்றுக்கு மேல் காய்ச்சல், ரேடியேட்டருக்குச் சூடே போகவில்லை என்றால், நடுவில் வழி அடைத்திருக்கிறது. வழியில் இருப்பது தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடானதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடவேண்டிய சின்னக் கதவு.

மறுநாள் காலையில் அதைக் கழற்றினார். மூடியின் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று துருப்பிடித்து அடம்பிடித்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, முதலில் இம்மி முறுக்கி, பிறகு இம்மி தளர்த்தி, காபி ஆறும்வரை கெஞ்சியும் மிரட்டியும் வெளியே எடுத்தார். கிடைத்த தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடுப்பில் பாத்திரத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் கொதிநீர் அளக்கும் தெர்மாமீட்டரையும் நட்டார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கதவு அசையவில்லை.

"சமையலா, பிரேதப் பரிசோதனையா?" என்றார் வாத்தியார்.

"ரெண்டும்தான். உங்க டீ அடுத்த பர்னர்ல இருக்கு."

கடைக்குப் போய்ப் புதிது வாங்கிவந்தார். வேறு யாராக இருந்தாலும் நேராகப் பொருத்தியிருப்பார்கள். ஆனால் சோதிக்காத எதையும் ஒரு உடம்புக்குள் விட்டுப் பழக்கமில்லாதவர் அவர். புதியதும் அதே பாத்திரத்தில் இறங்கியது. எண்பத்திரண்டு டிகிரியில் திறக்க வேண்டியது, தொண்ணூற்றெட்டிலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

திருப்பிக் கொண்டுபோய்ச் சொன்னபோது கடைக்காரர் நம்பவில்லை. "இருபது வருஷமா விக்கிறேன், ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவந்ததில்ல."

"யாராவது வேகவச்சுப் பாத்தாங்களா?"

கல்லாவின் பின்னால் டீத்தண்ணீர் போடும் கெட்டில் இருந்தது. நர்ஸம்மா கேட்டு வாங்கி, மூடியைத் திறந்துவைத்து, கையோடு கொண்டுவந்த தெர்மாமீட்டரை நட்டு, அதே பெட்டியிலிருந்து வேறொன்றை நூலில் இறக்கினார். வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் கழுத்தை நீட்டினார்கள். முதலாவது திறக்கவில்லை. இரண்டாவது எண்பத்து மூன்றில் மெல்ல வாய் பிளந்தது. கடைக்காரர் அதைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். மீதிப் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டு வாசலில் வேலை தொடங்கியது. ஒட்டிக்கிடந்த, கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட் அட்டையைச் சுரண்டுமுன், துகள் உள்ளே விழாதபடி துளையில் இரண்டு துண்டுத் துணி அடைத்தார். சுரண்டி முடித்துத் துணிகளை உருவியதும், ஆபரேஷன் தியேட்டரில் எண்ணுவதுபோல், "வச்சது ரெண்டு, எடுத்தது ரெண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்க்க தெர்மோஸ்டாட் உட்கார்ந்தது. மேலே புதுக் கேஸ்கெட், அதன்மேல் மூடி. போல்ட்டுகளை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினார்.

தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, இன்ஜினை ஓடவிட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழி குமிழியாக வெளியேறியது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் மேல் ஹோஸில் கை வைத்துக் காத்திருந்தார். ஜில்லென்று இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்தும் அப்படியே. வாத்தியார் வாயைத் திறக்கப் போனார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். எட்டாவது நிமிஷம் ஹோஸ் சட்டென்று சுட்டது. கையை உதறிக்கொண்டே நர்ஸம்மா சிரித்தார்.

"தொறந்துடுச்சுங்க!"

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலை. வாத்தியார் நான்கு பாட்டில் தண்ணீரும் பஸ் அட்டவணையும் எடுத்துக்கொண்டு ஏறினார். அன்று நின்ற வளைவு வந்தபோது ஒரு பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெப்பமுள் பாதியைத் தொட்டு, அங்கேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. நர்ஸம்மா கியரை ஒன்று குறைத்தாரே தவிர, காலை எடுக்கவில்லை. மகள் வாசலில் காத்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள்.

மாலையில் கிளம்பும்போது வாத்தியார் கையை நீட்டினார். அவர் வண்டி ஓட்டி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"சாவியக் குடு. இறக்கம்தானே, நான் ஓட்டுறேன்."

நர்ஸம்மா ஒரு நொடி யோசித்தார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு, இடப்பக்கம் போய் உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக் காற்று வாங்கினார்.