ஏழாம் துண்டில் ஒரு நீலன்

ஃபெம்மிக்கு வயது அறுபத்தெட்டு. இடது முழங்காலைக் கேட்டால் எண்பது என்று சொல்லும். முப்பது வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவள், ஓய்வு என்ற சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு, நெதர்லாந்தின் ட்ரெந்தெ பொட்டல்காட்டில் வாராவாரம் வண்ணத்துப்பூச்சி எண்ணித் தருவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். எட்டுக் கோடை ஆகிறது.

எண்ணுவதற்குச் சட்டம் உண்டு. நடப்பவருக்கு முன்னால் ஐந்து மீட்டருக்கு ஒரு பெட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் வந்தால்தான் எண்ணிக்கை. முதுகுக்குப் பின்னால் மகாராஜாவே பறந்து வந்தாலும் செல்லாது.

பாதையின் ஏழாம் துண்டு மணல்மேட்டில் ஏறுகிறது. புதர் நீலன் என்கிற சின்னப் பூச்சிக்காகவே அந்த ஏற்றம். இரண்டு வருடமாகச் சுழியம். இந்த வருடமும் சுழியமென்றால் அந்தத் துண்டையே விட்டுவிடலாம், இனி மேடேற வேண்டாம் என்று எண்ணிக்கை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஃபெம்மி அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, சாமி படம் மாதிரி தினமும் பார்த்துக்கொண்டாள். இன்று பருவத்தின் கடைசி நடை.

கூடவே ரூலோஃப், அவள் கணவனின் தம்பி. பூச்சிக்காக வருபவனல்ல, மேட்டு உச்சியில் காபியோடு கிடைக்கும் பிஸ்கட்டுக்காக வருபவன். ஆளுக்கு ஒன்று, பிறகு டப்பா மூடிவிடும். அந்த ஊரில் எந்தச் சட்டத்தையும் மீறுபவர்கள் உண்டு, இதை மீறியவர் கிடையாது.

மேடெங்கும் ஊதாப்பூ. தேனீக்களின் இரைச்சலில் காதே அடைத்தது. மணல்குளவி ஒன்று தன்னைவிடப் பெரிய புழுவை இழுத்துக்கொண்டு மேடேறியது. ஃபெம்மி நின்று அதைப் பார்த்தாள், சொந்தக்காரியைப் பார்ப்பதுபோல.

"அண்ணி, அசையாதீங்க."

"என்னப்பா, பாம்பா?"

"நீலன். உங்க தொப்பி மேல."

ஃபெம்மி கண்ணை மூடித் திறந்தாள். "தொப்பி பெட்டியில சேராது. பெட்டி எனக்கு முன்னாலதான்."

"அப்ப சுழியமா?"

"சுழியம்தான். வாயை மூடிட்டு நட."

துண்டு முடிகிற கம்பம் பத்தடியில் இருந்தது. தளும்பும் கிண்ணத்தைத் தலையில் வைத்தவள்போல அவள் நடந்தாள். ஒன்பதடி ஆயிற்று. தொப்பியிலிருந்து நீலன் எழுந்து, நேரே முன்னால் ஒரு பூவில் உட்கார்ந்து, இறக்கையை அகல விரித்தது.

"நான் பார்க்கல அண்ணி," என்றான் ரூலோஃப். "மேகத்தைப் பார்த்துட்டிருந்தேன்."

"நீ பார்க்கலேன்னா என்ன? நான் பார்த்துத் தொலைச்சுட்டேனே." நோட்டில் ஒன்று என்று எழுதினாள். பிறகு பூவைப் பார்த்து, "சனியனே, ஒரு எட்டு பொறுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

உச்சியில் காபி குடித்தார்கள். ஆளுக்கு ஒரு பிஸ்கட், டப்பா மூடியது. கொஞ்ச நேரம் மேட்டுச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்த ஃபெம்மி, டப்பாவை மறுபடி திறந்தாள்.

ரூலோஃப் பதறிப்போனான். "அண்ணி! உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"அடுத்த வருஷமும் இந்த மேட்டை ஏறணும்ல" என்று இரண்டாவதை எடுத்துக் கடித்தாள். அவன் கை நீளுமுன் டப்பா மூடிக்கொண்டது.