அத்தானின் காலில் கட்டிய தங்கூசி

மருத்துவிச்சி வந்து சேருவதற்கு முன்பே நான் பிறந்துவிட்டேனாம். இதைச் சொல்லிச் சொல்லியே அம்மா என் எல்லாக் குற்றங்களுக்கும் ஒரே காரணத்தைப் பிடித்து வைத்திருந்தார். சோற்றை மெல்லாமல் விழுங்குகிறேனா, அவசரத்தில் பிறந்தவன். பூசையில் சாமியார் முடிக்கும் முன்பே ஆமென் சொல்கிறேனா, அவசரத்தில் பிறந்தவன். நான் தாளம் போடத் தொடங்கியபோதும் அதே கதைதான்.

எங்கள் வீடு திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட. அப்பாவுக்குக் கப்பல் திருத்தும் டொக்யாட்டில் இயந்திரம் பூட்டும் வேலை. காலையில் சங்கு ஊதியதும் தெரு முழுவதும் சைக்கிள் மணிகள் கிளம்பும். அவற்றோடு சேர்ந்து நான் குசினிக்குள் இருந்து பிஸ்கற் தகரத்தை இரண்டு அகப்பைக் காம்பால் விளாசுவேன். நன்றாகத்தான் இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அப்பாதான் பாவம், என் அடியின் வேகத்தில் தேத்தண்ணியைச் சுடச்சுட வாயில் ஊற்றி நாக்கை வேகவைத்துக்கொள்வார்.

"இவன்ர அடிக்கு மனிசன் ஆறுதலா ஒரு தேத்தண்ணி குடிக்க ஏலாது!"

பள்ளிக்கூடத்தில் பாண்ட் குழுவில் சேர்த்து, தோளில் மாட்டும் ட்றம் ஒன்றைத் தந்தார்கள். விளையாட்டுப் போட்டியன்று அணிநடைக்கு நான்தான் அடி. முதல் சுற்று ஒழுங்காகப் போனது. இரண்டாம் சுற்றில் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. மேடையில் இருந்த பிரதம விருந்தினர் சல்யூட் அடித்த கையை இறக்குவதற்குள் மூன்று இல்லங்களின் அணிகளும் அவரைக் கடந்து ஓடியிருந்தன. கொடி பிடித்தவன் தொப்பியைத் தேடிக்கொண்டு நின்றான். அடுத்த நாள் ட்றம்மைக் கழற்றிக்கொண்டு என் கையிலேயே அந்தக் கொடியைத் தந்தார்கள். கொடியைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

பிறகு அக்காவுக்குக் கலியாணமானது. மாப்பிள்ளை தபால் கந்தோரில் கிளாக்கர். ஒரு சூட்கேசும் ஒரு கிற்றாரும் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த நிமிடமே அவர் எனக்கு அத்தானாக மட்டுமல்ல, தெய்வமாகவும் ஆகிவிட்டார். கிற்றார் அவர், அக்கோடியன் அவருடைய சிநேகிதர், பாட்டுக்கு ஒரு வாத்தியார் என்று, கலியாண வீடுகளில் சனங்கள் ஆடுவதற்குப் பாடும் பைலாக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன பெரிய ட்றம் ஒன்று எங்கிருந்தோ வந்தது. அதைக் காலால் அடிப்பதற்கு அப்பா பழைய சைக்கிள் சாமான்களில் ஒரு மிதி செய்து தந்தார். நாக்கு வெந்த மனிதர் செய்து தந்தாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீடு முழுவதும் துள்ளினேன்.

ஆனால் கையும் காலும் சேர்ந்து ஓடினால் என்ன ஆகும்? மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஆடத் தொடங்கி, பாட்டு முடியும்போது கதிரைகளில் விழுந்து மூச்சு வாங்குவார்கள். ஒரு கலியாணத்தில் பெண்ணின் மாமா வேட்டியை இறுக்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, எங்கட ஆக்களைக் கொண்டுபோட்டுத்தான் போவியோ?"

அன்றைக்கு அத்தான் என்னைத் தனியே கூப்பிட்டார். "மச்சான், கோவியாத. வாற மூதூர்க் கலியாணத்திலயும் ஓடினியெண்டா, அந்த நிலாவெளிப் பெடியனைத்தான் இருத்தவேணும்." நிலாவெளிப் பெடியன் உல்லாச விடுதியில் ட்றம் அடிப்பவன். மணிக்கூடு மாதிரி அடிப்பான். அவன் என் கதிரையில் இருப்பதா! "இன்னொருக்கா பாருங்கோ அத்தான்" என்று கெஞ்சினேன்.

அவர் யோசித்து யோசித்துக் கடைசியில் மீன் பிடிக்கும் தங்கூசி நூலைக் கொண்டுவந்தார். ஒரு முனை அவருடைய வலது காலில். மறுமுனை என் இடது கணுக்காலில். நான் ஓடத் தொடங்கினால் காலைச் சுண்டி இழுப்பார், நான் அடங்க வேண்டும். மாட்டுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் சம்மதித்தேன்.

மூதூர் மணப்பெண் அக்காவோடு படித்தவள். அதனால் அதுவரை ஒரு கலியாணத்துக்கும் எங்களோடு வராத அக்கா அன்றைக்கு கடலைக் கடக்கும் லோஞ்சில் ஏறினாள். "உங்கட கூத்தைப் பாக்க வரேல்ல, என்ர சிநேகிதியைப் பாக்கத்தான் வாறன்" என்று சொல்லிவிட்டு, மூதூர் வரும்வரை முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தாள். அத்தான் கிற்றாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். நான் ட்றம்முக்கு மேல்.

பூசை முடிந்து மத்தியானம் பந்தலில் தொடங்கினோம். முதல் பாட்டில் கால் அடிக்கடி இழுபட்டது. இரண்டாவதில் ஓரிரு தரம். மூன்றாவதில் நூல் தளர்ந்து கிடந்தது. அப்போதுதான் அக்கோடியன் மூச்சு விடும் சத்தத்தையே முதன்முதலாகக் கேட்டேன். சனங்கள் ஆறுதலாக, சிரித்துச் சிரித்து ஆடினார்கள். இது என் அடிக்குத்தானா! பிறகு எத்தனையோ குழுக்களில், கொழும்பு வரைக்கும் போய் அடித்திருக்கிறேன். அந்த மூன்றாவது பாட்டின் சந்தோஷம் வேறு எங்கும் கிடைத்ததில்லை.

நாலாவது பாட்டில் அக்கா எழும்பினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சிநேகிதியின் கையைப் பிடித்து ஆடத் தொடங்கினாள். அத்தான் கண்ணை இமைக்க மறந்துபோனார். கலியாணமான நாளிலிருந்து கிற்றாரைக் கண்டால் முகம் சுளித்தவள் அதே கிற்றாருக்கு ஆடுகிறாள்! அவருடைய விரல்கள் பறந்தன. அக்கோடியன் துரத்தியது. வாத்தியாருக்குச் சொற்கள் வாய்க்குள் இடறின. அவரோடு ஓட என் கையும் காலும் எப்படித் துடித்தன என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஓடினால் பழி என் தலையில்தான். கதிரையும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை ஒரே இழுவை இழுத்தேன்.

அத்தான் கிற்றாரும் கையுமாக, ஒற்றைக் காலில் பின்பக்கமாக இரண்டு துள்ளுத் துள்ளினார். சனங்கள் புது ஆட்டமென்று விசிலடித்தார்கள். அக்காவும் ஒற்றைக் காலில் துள்ளினாள். பந்தல் முழுவதும் துள்ளியது. அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் எனக்குச் செய்வதைப் போலவே, மெதுவாக, மெதுவாக என்று தலையை ஆட்டினேன். பாட்டு என் அடிக்குத் திரும்பி வந்தது.

திரும்பும்போது லோஞ்சில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அக்கா, "அந்தத் துள்ளலை ஆர் காட்டித் தந்தது?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் கடலைப் பார்த்தோம். நிலாவெளிப் பெடியனின் பேச்சும் எழவில்லை.

அடுத்த கலியாணத்தில் நான் என் கதிரையில் இருந்துகொண்டு தங்கூசியை வெளியே எடுத்தேன். இனி இது தேவையா என்று கேட்கத்தான் நினைத்தேன். முன்வரிசையில் அக்கா வந்து இருப்பதை அத்தான் ஒருதரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து தன் காலை நீட்டினார். முடிச்சை நான்தான் போட்டேன்.