ஆந்தை கக்கிய தாடைகள்

பொத்தேரியில் தோழி கயலின் அறையில் தூங்கிக்கொண்டிருந்த என்னை அவள் ஆறரைக்கே உலுக்கி எழுப்பிவிட்டாள். சிறு விலங்குகளின் தாடைகளை ஆராய்கிறவள் அவள். மாமல்லபுரத்தை அடுத்த ஒரு மீனவர் குப்பத்தில், வலைக் கொட்டகையில் வாழும் ஆந்தையை அன்று விரட்டப் போகிறார்களாம். அது கக்கும் எலும்புகளை வைத்துத்தான் அவள் ஆய்வே; அது போனால் அவளுடைய இரண்டு வருட உழைப்பும் போச்சு. செங்கல்பட்டில் இட்லி, பிறகு திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் பேருந்து, கடைசியில் ஆளுக்கு இருபது ரூபாய் ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் அவள் கைப்பேசியில் நேரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இருவருக்கும் சேர்த்து நானே வேடிக்கை பார்த்தேன்.

பத்து மணிக்குக் கொட்டகை வாசலில் அதன் சொந்தக்காரர் அஞ்சலை அக்கா எங்களை மறித்தார். பின்னால் அவர் கணவர், ஏணியோடு.

"அது புள்ளையார் வாகனத்தத் துன்னுது மேடம். கீய பூரா மூஞ்சூறு எலும்பா கீது. கொட்டா எங்குளுது, பாவமும் எங்களுக்குத்தான!"

"பாத்துச் சொல்லிடறேன்கா. அப்புறம் வெரட்டுங்க," என்றாள் கயல்.

ஆந்தை இரையை முழுதாக விழுங்கிவிட்டு, முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். கீழே கிடந்த அந்த உருண்டைகளைக் கயல் தண்ணீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தாள். முதலில் வந்த தாடை சற்றுப் பெரியது. முன்னாலிருந்து பின்வரை இடைவெளியே இல்லாமல் கூர்கூரான பற்கள். மூஞ்சூறேதான். கயல் அதை மறைக்காமல் சொல்லிவிட்டாள். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார், கணவர் ஏணியைச் சாத்தி ஏறவே தொடங்கிவிட்டார்.

அடுத்தடுத்து வந்தவை எல்லாம் சின்னவை.

"அய்யோ, குட்டிங்களக்கூட வுடல பாரு!" என்றார் அக்கா.

"குட்டி இல்லக்கா. கடவாப்பல்லு தேஞ்சு போயிருக்கு, வயசானது. முன்னாடி வளைஞ்ச ஒரே பல்லு, அப்புறம் வெறும் எடம், அப்புறம்தான் கடவாப்பல்லு. அமைப்பே வேற. இது சுண்டெலி."

"எங்க வலய கடிச்சுக் கொதறுதே, அதுவா?"

"அதேதான்."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! சதுர்த்திக்குச் சதுர்த்தி, பிள்ளையார் வாகனத்துக்கென்று வலைக் குவியலின் ஓரத்தில் கொழுக்கட்டை வைத்து வருகிறாராம். விடிந்தால் தட்டு காலியாகக் கிடக்குமென்று ஊரெல்லாம் பெருமை வேறு.

"எலிக்கு ஆக்கிப் போட்டு வளத்தவளே நீதாம்மே!" என்று ஏணிமேல் இருந்தபடியே சிரித்தார் கணவர்.

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஒற்றை மூஞ்சூறுத் தாடையைக் கேட்டு வாங்கி, மஞ்சள் தடவி, வேப்பமரத்தடியில் புதைத்துக் கும்பிட்டார். பிறகு கணவரிடம், "எறங்குய்யா. அது தூங்கினுகீது," என்றார்.

கேளம்பாக்கம் வழியாகத் திரும்பியபோது கயல் பேச்சை நிறுத்தவே இல்லை. எனக்கும் அவ்வளவு சந்தோஷம். படூரில் எங்கள் அடுக்ககத்தில் எலித் தொல்லை என்றால் மருந்து வைக்க ஆள் வருவார். செத்தது எது என்று நாங்கள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அஞ்சலை அக்கா பார்த்தார்.