இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று

எங்கள் சிறையில் சவரம் செய்தவர் வெளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மூக்குக்கு மேல் கோபம் வரும் மனிதர். தங்கையின் வீட்டைப் பறிக்க வந்த அடியாட்களை இவரும் தங்கை கணவரான தையல்காரரும் சேர்ந்து வெளுத்து வாங்கியதில் ஒருவன் செத்தே போனான். வாத்தியார் உடனே உள்ளே வந்துவிட்டார். தையல்காரருக்குத் தலையில் வெட்டு. ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு எல்லோருக்கும் கடைசியாக வந்தார். கடைசியாக வந்தவன் காலை வரிசையிலும் கடைசி. அதுதான் வினையாகப் போனது.

புதிதாக வந்த ஜெயிலர் ஒரு வெறிபிடித்த நாய். வரிசைகள் எல்லாம் சமமாக இருக்க வேண்டும், மிச்சம் நிற்பவனுக்கு லத்தியடி என்று சட்டம் போட்டான். வாத்தியாரையும் சேர்த்து நாங்கள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொரு பேர். பத்துப் பத்தாக நின்றோம், தையல்காரர் மிச்சம். விலா எலும்பு போனது. மறுநாள் ஏழேழாக நின்றோம், மறுபடியும் அவர்தான். தாடை கிழிந்தது. அதற்கு மறுநாள் பதினொன்று பதினொன்றாக நிறுத்தினான். அப்போதும் அதே ஆள்! இரத்தத்தைத் துப்பிக்கொண்டு சுருண்டு விழுந்தார்.

"என்னைக் கேலி பண்றீங்களாடா?" என்று ஜெயிலர் கத்தின கத்தலில் சுவரே அதிர்ந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் அவன் சவரத்துக்கு உட்கார்ந்தான். நான் வெந்நீரோடு பக்கத்தில் நின்றேன். வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, அது பகா எண். ஒண்ணாலயும் அதாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. மூணு மூணா நிறுத்துங்க, முப்பது முப்பதா நிறுத்துங்க, சமமா வரவே வராது. ஆளுங்க மேல தப்பில்ல."

ஜெயிலர் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "ஒருத்தன் குறைஞ்சா?"

கணக்கு என்று வந்துவிட்டால் இந்த மனிதருக்குத் தலைகால் புரியாது. "அப்ப அருமையான எண்ணுங்க! ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பத்து, பதினொண்ணு, எப்படி நிறுத்தினாலும் கச்சிதமா வரும்."

"அவ்வளவுதானா? அந்தத் தையல்காரனை இன்னிக்கே அடிச்சு முடிச்சிடறேன்."

வாத்தியாருக்கு முகம் வெளிறிவிட்டது. தன் வாயாலேயே தங்கை புருஷனுக்குக் குழி தோண்டிவிட்டாரே, படுபாவி! "ஐயோ, நான் சும்மா கணக்குக்குச் சொன்னேங்க..."

"நீ சொன்ன கணக்குதானேடா. சீக்கிரம் வழி."

சவரக்கத்தி அவன் தொண்டையில்தான் இருந்தது. வாத்தியார் ஒரே இழுப்பாக இழுத்தார். கண்ணாடி, சுவர், என் சட்டை எல்லாம் இரத்தம். நாற்காலியோடு சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

காவலர்கள் கதவை உடைத்துக்கொண்டு வருவதற்குள் வாத்தியார் என் கையைப் பிடித்தார். "மாப்பிள்ளைகிட்ட சொல்லுப்பா. இனிமே மிச்சம் விழாது."

பிறகு அவரை உயிர் போகும்வரை அடித்தார்கள். லத்திகள் முறிந்தன, பூட்ஸ் காலால் மிதித்தார்கள். அவர் தலையை மறைத்துக்கொள்ளக்கூட இல்லை. எலும்பு நொறுங்கும் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் வேறொரு அதிகாரி எங்களைப் பத்துப் பத்தாக நிறுத்தினான். கடைசி வரிசையில் பத்தாவது ஆளாகத் தையல்காரர் நின்றார். "மச்சான், மச்சான்" என்று வாய்விட்டு அழுதார். வரிசை சரியாக இருந்ததால் அவரை யாரும் அடிக்கவில்லை.